எத்தனையாவது வளையத்தில் புள்ளி? அந்துப்பூச்சிப் புழுக்களை அடையாளம் காண ஓர் அறிமுகம்

டெல்டாவில் மாசி பிறந்துவிட்டால் கைப்பேசிகளில் புழுப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈர வயலில் தெளித்த உளுந்து அப்போதுதான் பூவும் பிஞ்சுமாக நிற்கும். இலையில் ஓட்டை விழுந்திருக்கும், பூங்கொத்தில் நூல் கட்டியிருக்கும், காயில் துளை இருக்கும். ஒரு புழுவைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, "அண்ணே, இது என்ன புழு? எதை அடிக்கலாம்?" என்று கேட்டு அனுப்புவார்கள். பெரும்பாலான படங்களில் புழுவின் முதுகு மட்டும்தான் தெரியும். செடி இருக்காது, கால்கள் கைமடிப்பில் மறைந்திருக்கும், தலை மங்கலாக இருக்கும். அதை வைத்துப் பெயர் சொல்வது அனுபவம் உள்ளவர்களுக்கே கடினம்.

பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். நிறையவே ஆகும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சிகளைப் பிடிக்க வயலில் கட்டும் இனக்கவர்ச்சிப் பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வைக்கும் வாசனைக் குப்பி ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி. இலையைத் தின்னும் புரொடீனியாப் புழுவுக்கு ஸ்போடோலூர் என்ற குப்பி, பச்சைக் காய்ப்புழுவுக்கு ஹெலிலூர். மாற்றி வைத்தால் பொறி காலியாகவே தொங்கும். புழுக்களைக் கொல்லும் என்.பி.வி. வைரஸ் கரைசலும் அப்படித்தான். ஒன்றின் வைரஸ் மற்றதை ஒன்றும் செய்யாது. செலவு செய்து, நேரம் செலவழித்து, வேறு புழுவுக்கான மருந்தை வயலில் தெளித்துவிட்டு நிற்பது எவ்வளவு பெரிய வேதனை! பயிர் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டு அரளியில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு புழு கண் உருட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்து "விஷப்புழு" என்று மிதித்துவிடுகிறார்கள். அது கடிக்கவும் செய்யாது, கொட்டவும் செய்யாது. பெயர் தெரிந்திருந்தால் அது பிழைத்திருக்கும்.

புழுவைப் பார்த்ததும் நம் கண் முதலில் பிடிப்பது நிறத்தை. அதை நம்பக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுதான்: புழுவின் நிறத்தைக் கடைசியில் பாருங்கள், குறி எந்த வளையத்தில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பச்சைக் காய்ப்புழு என்று நாம் அழைக்கும் ஹெலிகோவெர்ப்பா ஆர்மிஜெரா பச்சையாகத்தான் இருக்கும் என்று இல்லை. பழுப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு, கிட்டத்தட்டக் கருப்பு என்று பல நிறங்களில் வரும். ஒரே தாய் இட்ட முட்டைகளில் வந்த புழுக்கள்கூட வேறு வேறு நிறத்தில் இருக்கலாம். தின்னும் உணவைப் பொறுத்தும் நிறம் மாறும். அப்புறம் வயது. புழு வளர வளர நான்கைந்து முறை தோலை உரிக்கும். ஒவ்வொரு உரிப்புக்குப் பின்னும் தோற்றம் மாறலாம். அரளிப் புழு கடைசி வரை பச்சையாக இருந்து, கூட்டுப்புழுவாக மாறப் போகும் சமயத்தில் பழுப்பாகி, வேறு ஏதோ புழு மாதிரி தரையில் ஓடும். ஆகவே "பச்சைப் புழு" என்பது அடையாளமே ஆகாது.

முதலில் செடியைப் பாருங்கள்

புழுவைத் தொடுவதற்கு முன்னால் அது எந்தச் செடியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல அந்துப்பூச்சிகள் குறிப்பிட்ட சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். செடி தெரிந்தால் ஆயிரக்கணக்கான சாத்தியங்கள் நாலைந்தாகச் சுருங்கிவிடும். வேதாரண்யம் பக்கம் கண்வலிக் கிழங்கு சாகுபடி செய்கிறவர்களைக் கேளுங்கள். செங்காந்தள் கொடியில் கருப்பு உடம்பும் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளுமாக ஒரு புழு இலையைத் தின்றுகொண்டிருந்தால் அவர்களுக்கு இரண்டாவது யோசனையே வராது. அது பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் புழு. செங்காந்தளில் இருக்கும் கொல்சிசின் நஞ்சு மற்ற உயிர்களைத் தள்ளி நிறுத்தும். இந்தப் புழுவோ அந்த இலையைத் தின்றே வளர்கிறது.

செடி மட்டும் போதாது என்பதற்கும் அரளியே உதாரணம். அதில் இரண்டு புழுக்கள் வரும். ஒன்று அரளி அந்துப்பூச்சியின் புழு. மற்றது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. பழுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குப் பட்டைகளும், முதுகிலிருந்து நீளும் நான்கு ஜோடி கருப்பு இழைகளும் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சி வகை. எருக்கஞ்செடியில் இதேபோல மூன்று ஜோடி இழைகளோடு கருப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைப் புழு வரும். அதுவும் வண்ணத்துப்பூச்சிதான். அந்துப்பூச்சிப் புழு எது, வண்ணத்துப்பூச்சிப் புழு எது என்று ஒரே பார்வையில் பிரித்துச் சொல்லும் பொது விதி எதுவும் கிடையாது. இனம் இனமாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் எண்ணிக்கையில் அந்துப்பூச்சிகளே பல மடங்கு அதிகம். உலகில் சுமார் 1,60,000 வகை அந்துப்பூச்சிகள் அறியப்பட்டிருக்கின்றன. நம் வயலில் பயிரைத் தின்னும் புழுக்களிலும் பெரும்பான்மை இவைதான்.

கால்களை எண்ணுங்கள்

புழுவைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். தலைக்கு அடுத்து மூன்று வளையங்கள். அவற்றில் ஆளுக்கொரு ஜோடியாக மூன்று ஜோடி உண்மையான கால்கள், கூராக, கணுவோடு இருக்கும். இந்த மூன்று வளையங்களும் மார்புப் பகுதி. அதற்குப் பின்னால் இருப்பது வயிற்றுப் பகுதி. அதில் பத்து வளையங்கள். வயிற்றில் இருக்கும் கால்கள் போலிக்கால்கள். சதைப்பற்றாக, குட்டையாக, அடியில் நுண்ணிய கொக்கிகளோடு இருக்கும். இலையைப் பிடித்துக்கொள்ள உதவுவது இவைதான்.

முழு அளவில் போலிக்கால்கள் உள்ள புழுவுக்கு ஐந்து ஜோடி இருக்கும். வயிற்றின் மூன்று, நான்கு, ஐந்து, ஆறாம் வளையங்களில் நான்கு ஜோடி, வால் நுனியில், அதாவது பத்தாவது வளையத்தில், ஒரு ஜோடி. இந்த இட அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி எல்லாமே இதிலிருந்துதான் வரப் போகிறது.

சில குடும்பங்களில் முன்பக்கத்துப் போலிக்கால்கள் குறைந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. அப்படிப்பட்ட புழு நடக்கும்போது நடு உடம்பைத் தூக்கி வளைத்து, பின்காலை முன்காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும். இதைத்தான் ஊரில் காவடிப்புழு என்கிறோம். போலிக்கால் இரண்டே ஜோடி என்றால் வளைவு பெரியது, மூன்று ஜோடி என்றால் வளைவு சற்றுச் சின்னது. ஆமணக்குக் காவடிப்புழுவுக்கு முதல் ஜோடி சிறுத்திருக்கும். ஆறு ஜோடியோ அதற்கு மேலோ போலிக்கால்கள் இருந்தால் அது அந்துப்பூச்சியும் இல்லை, வண்ணத்துப்பூச்சியும் இல்லை. ரம்ப ஈ எனப்படும், குளவிக்கு உறவான பூச்சியின் புழு. கடுகு, முள்ளங்கி இலையில் பார்க்கலாம்.

இந்தக் கால் கணக்கு உடனே பயன்படும் இடம் வரப்பில் நிற்கும் ஆமணக்கு. புரொடீனியாவை இழுத்துப் பிடிக்க உளுந்து, நிலக்கடலை வயலைச் சுற்றி ஆமணக்கு நடச் சொல்வார்கள். அதன் இலையில் புழு தெரிந்ததும் எல்லாமே புரொடீனியா என்று முடிவு செய்துவிடக் கூடாது. வளைந்து வளைந்து நடந்தால், வால் பக்கம் முதுகில் இரண்டு சிவந்த புடைப்புகள் இருந்தால், அது அகேயா ஜனாட்டா என்ற காவடிப்புழு. அது ஆமணக்கைத்தான் விரும்பித் தின்னும். உங்கள் உளுந்துக்கு அதனால் பெரிய பயம் இல்லை. மொத்த உடம்பையும் இலையில் படிய வைத்து ஊர்ந்து போனால், புரொடீனியாவா என்று அடுத்த சோதனைக்குப் போகலாம்.

வளையத்தின் எண்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். புழுவின் முதுகில் புள்ளி இருக்கிறது என்று சொல்வது, தஞ்சாவூரில் ஒரு வீடு என்று முகவரி சொல்வது மாதிரி. எந்தத் தெரு என்று சொன்னால்தான் போய்ச் சேர முடியும். புழுவில் தெரு என்பது வளையத்தின் எண்.

எண்ணுவது எளிது. மூன்று ஜோடி உண்மைக் கால்களைத் தாண்டியதும் கால் இல்லாத இரண்டு வளையங்கள் வரும். அவை வயிற்றின் ஒன்று, இரண்டு. பிறகு நான்கு ஜோடிப் போலிக்கால்கள். அவை மூன்று முதல் ஆறு. அதற்குப் பின்னால் மறுபடியும் கால் இல்லாத மூன்று வளையங்கள். அவை ஏழு, எட்டு, ஒன்பது. கடைசியில் வால் கால்களோடு பத்தாவது. ஆக, பின்பக்கத்தில் கால் இல்லாத மூன்று வளையங்களில் நடுவில் இருப்பது எட்டு. இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. புழுவின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். அவை மூச்சுத்துளைகள். மார்பின் முதல் வளையத்தில் ஒன்று, பிறகு வயிற்றின் ஒன்று முதல் எட்டு வரை. வரிசையின் கடைசித் துளை எங்கே முடிகிறதோ அதுதான் எட்டாம் வளையம்.

அந்த எட்டாம் வளையத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அதிகம் குழப்பும் புழுக்களுக்கு அங்கேதான் விடை இருக்கிறது.

மக்காச்சோளப் படைப்புழு, ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா, அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. இந்தியாவில் 2018 மே மாதம் கர்நாடகாவில் முதலில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டிலேயே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. கொள்ளிடத்துக்கு வடக்கே பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்காச்சோளக் காடுகள் அந்த வருடம் பட்ட பாட்டை இன்றும் பேசுவார்கள். அதன் எட்டாம் வளையத்தின் முதுகில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும். மற்ற வளையங்களிலும் நான்கு புள்ளிகள் உண்டு. ஆனால் அங்கே முன் இரண்டு நெருக்கமாகவும் பின் இரண்டு விலகியும் இருக்கும், அளவிலும் சிறியவை. எட்டில் மட்டும் நான்கும் பெரிதாகச் சதுரம் கட்டும். முகத்தில் தலைகீழ் ஒய் வடிவத்தில் வெள்ளைக் கோடு இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கும், உண்மைதான். ஆனால் தலையின் அந்தத் தையல் கோடு மற்றப் புழுக்களிலும் ஓரளவு வெளிறித் தெரியக்கூடும். கோட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோடும் சதுரமும் சேர்ந்திருந்தால் உறுதியாகச் சொல்லலாம். முட்டையிலிருந்து வந்து ஓரிரு நாளே ஆன குட்டிப் புழுவில் இரண்டுமே தெளிவாகத் தெரியாது. அப்போது அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்ப்பது நல்லது.

புரொடீனியா என்று பழைய பெயரிலேயே நாம் அழைக்கும் ஸ்போடாப்டெரா லிட்டூரா இதற்கு நெருங்கிய உறவு. இதில் பார்க்க வேண்டியது முன்பக்கம். கால் இல்லாத முதல் வளையத்தில், அதாவது வயிற்றின் ஒன்றாம் வளையத்தில், முதுகின் இரு பக்கமும் ஆளுக்கொரு அடர்ந்த கருந்திட்டு இருக்கும். இளம் புழுவிலேயே இது தெரிய ஆரம்பித்துவிடும். வளர்ந்த புழுவில் முதுகோரம் மஞ்சள் கோடுகளும், அவற்றை ஒட்டி வளையத்துக்கு வளையம் கருப்பு முக்கோணங்களும் வரும். எட்டாம் வளையத்தில் அந்த முக்கோணம் மறுபடியும் பெரிதாகும். உடம்பு சாம்பல் பச்சையிலிருந்து கரும்பழுப்பு வரை எப்படியும் இருக்கலாம். திட்டின் இடம் மாறாது.

புழு கையில் இல்லாவிட்டாலும் புரொடீனியாவைச் சொல்ல முடியும். தாய் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடம்பின் பழுப்பு ரோமத்தால் மூடிவிடும். பொரித்த குட்டிகள் சில நாள் கூட்டமாக ஒரே இலையின் அடியில் சுரண்டும். இலை சல்லடையாகி, வெளிறிப் போய், தூரத்திலிருந்தே தெரியும். அந்த ஒரு இலையைக் கிள்ளி எடுத்துவிட்டால் நூற்றுக்கணக்கான புழுக்கள் போயின. வளர்ந்தபின் பிரிந்துபோய், பகலில் மண் வெடிப்பில் பதுங்கி, இரவில் தின்னும். பகலில் வயலைச் சுற்றிவிட்டு "புழுவே இல்லை, ஆனா இலை போகுது" என்று சொல்கிறவர்கள் இரவில் டார்ச் விளக்கோடு ஒரு முறை போய்ப் பார்க்கலாம். ஒரத்தநாடு பக்கத்து நிலக்கடலையிலும், திருவையாற்றுப் படுகை வாழைக் கன்றிலும், உளுந்திலும் இது வரும்.

பச்சைக் காய்ப்புழு வேறு மாதிரி. அதற்கு முதுகில் பெரிய கருந்திட்டு கிடையாது. பக்கவாட்டில் தலை முதல் வால் வரை வெளிறிய ஒரு பட்டை ஓடும். அதற்கு மேலே விட்டு விட்டு வரும் கருஞ்சாம்பல் கோடுகள். உடம்பில் சின்னக் குமிழ்களும் அவற்றில் குட்டையான விறைத்த முடிகளும் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தோலே சொரசொரப்பாகத் தெரியும், புரொடீனியாவின் தோலோ வழவழப்பு. முட்டைகளைத் தனித்தனியாகத்தான் இடும், ஆகவே கூட்டமாக இருக்காது. தலையைக் காய்க்குள் நுழைத்துப் பின் உடம்பை வெளியே விட்டபடி தின்னும் பழக்கம் இதற்கு உண்டு.

உளுந்திலும் பச்சைப் பயறிலும் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, மருக்கா விட்ராட்டா என்ற புள்ளிக் காய்ப்புழு. பூவையும் பிஞ்சையும் நூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே இருந்து தின்னும். வெளிறிய உடம்பில் ஒவ்வொரு வளையத்தின் முதுகிலும் ஜோடி ஜோடியாகக் கரும்புள்ளிகள். எண்ணவே வேண்டாம், எல்லா வளையத்திலும் ஒரே மாதிரி இருப்பதுதான் அடையாளம். கூட்டுப்புழுவாகும் முன்னால் புள்ளிகள் மங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதே காயில், தட்டையாக, தலை உள்ளே மறைந்து, அட்டை மாதிரி மெதுவாக நகரும் குட்டைப் புழு கிடைத்தால் அது நீல நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பிள்ளை.

கொம்பும் கண்ணும்

எட்டாம் வளையத்தில் புள்ளிக்குப் பதிலாகக் கொம்பு நின்றால், நீங்கள் பார்ப்பது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம். பார்க்கப் பயமாக இருக்கும் அந்தக் கொம்பு வெறும் சதை நீட்சி. குத்தாது, விஷம் இல்லை. பிள்ளைகளுக்கு இதைத் தைரியமாகக் காட்டலாம்.

அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை மூன்றிலும் வரும் டாஃப்னிஸ் நெரீ இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. பச்சை உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு கோடு, மார்பின் மூன்றாவது வளையத்தில் கருப்பு விளிம்போடு நீல வெள்ளையில் இரண்டு பெரிய கண்கள். நிஜக் கண்கள் தலையில் பக்கத்துக்கு ஆறாக, கடுகைவிடச் சிறிதாக இருக்கும். இந்தப் பெரிய கண்கள் குருவிகளை மிரட்டுவதற்கான வேஷம். தொந்தரவு செய்தால் புழு தலையை உள்ளிழுத்து முன்னுடம்பை உப்ப வைக்கும். கண்கள் இன்னும் விரிந்து தெரியும். சின்ன வயதில் இதன் கொம்பு நீளமாக, கருப்பாக, நூல் போல இருக்கும். வளர்ந்தபின் குட்டையாகி ஆரஞ்சு நிறமாகும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் வேறு வேறு புழு என்றே தோன்றும்.

கண் புள்ளி எந்த வளையம் என்பது இங்கேயும் கைகொடுக்கும். சேம்பிலும் காசித்தும்பையிலும் கண் புள்ளியுள்ள புழுக்கள் வரும். வயிற்றின் முதல் வளையத்தில் ஒரு ஜோடி பெரிய கண் இருந்தால் ஹிப்போஷன் செலேரியோவாக இருக்க வாய்ப்பு அதிகம். கருத்த உடம்பில் கண் புள்ளிகள் வரிசையாக ஏழு ஓடினால் தெரெட்ரா ஓல்டன்லாண்டியே. மார்பில் கண் என்றால் அரளிப் புழு. கண்ணே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகள் ஏழு இருந்தால் வேறு கிளை. கோடை எள்ளில் விரல் நீளத்துக்கு வரும் கொம்புப் புழு அந்தக் கிளையைச் சேர்ந்தது. அதன் கொம்பு சொரசொரப்பாக வளைந்திருக்கும். அதுதான் முதுகில் மண்டையோடு போன்ற குறியுள்ள அந்துப்பூச்சியாக மாறும். தொட்டால் கீச்சென்று சத்தம் போடும், இரவில் தேன் கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும். சர்க்கரைவள்ளியில் வருவதற்கும் ஏழு சாய்ந்த பட்டைகள் உண்டு, கொம்பு மட்டும் வழவழப்பு.

நெல்லில் கொம்புப் புழு என்று ஒன்றைச் சொல்வார்கள். அதன் கொம்புகள் தலையில் இருக்கும், வாலில் இரண்டு கூர்முனைகள் இருக்கும். அது வண்ணத்துப்பூச்சிப் புழு. பருந்து அந்துப்பூச்சியோடு சேர்த்துவிடாதீர்கள்.

முடி இருந்தால் கையை எடுங்கள்

முடி அல்லது முள் உள்ள புழுவை வெறும் கையால் தொடவே கூடாது. எல்லாம் அரிக்காது என்பது உண்மை, ஆனால் எது அரிக்கும் என்று கற்றுக்கொள்ளும் வரை எல்லாவற்றையும் அரிப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். முருங்கை மரத் தண்டில் கூட்டமாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சி, யூப்டெரோட் மொல்லிஃபெரா, எல்லோரும் அறிந்தது. தென்னை, மா, வாழை இலைகளில் பச்சை உடம்பும் முதுகில் நீலப் பட்டையும் கொத்துக் கொத்தாக முட்களுமாக நத்தை போல வழுக்கி நகரும் பாரசா லெபிடா அதைவிடக் கடுமை. தீப்பட்ட மாதிரி எரியும். இந்த நத்தைப் புழுவுக்குப் போலிக்கால்களே தெரியாது, அடிவயிறு உறிஞ்சிகளால் ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன கால் கணக்கு இதனிடம் செல்லாது. ரோமம் பட்டுவிட்டால் தேய்க்க வேண்டாம். ஒட்டும் டேப்பை வைத்து எடுத்து எடுத்து ரோமத்தை நீக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நெல் வயலில் இந்தக் குறி பார்க்கும் வித்தை அவ்வளவாக உதவாது. அங்கே முக்கியமான புழுக்கள் மறைந்து வாழ்கின்றன, மறைந்து வாழ்பவற்றுக்கு உடம்பில் குறிகள் குறைவு. சேதத்தைத்தான் படிக்க வேண்டும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால், அல்லது கதிர் வெள்ளையாக நிமிர்ந்து நின்றால், தண்டுக்குள் குருத்துப்பூச்சியின் வெளிர்மஞ்சள் புழு. இலை நீளவாக்கில் சுருண்டு உள்ளே வெள்ளையாகச் சுரண்டியிருந்தால் இலைச்சுருட்டுப்புழு, பிரித்ததும் துள்ளும். இலைத் துண்டில் குழாய் செய்து அதற்குள் இருந்தபடி தண்ணீரில் மிதந்தால் கூண்டுப்புழு, அதற்குத் தண்ணீரை வடித்தாலே பாதி வேலை முடிந்தது. தென்னையில் கருந்தலைப் புழுவும் இப்படித்தான். கீற்றின் அடியில் நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டிய குழாய்தான் முதல் அடையாளம், கருத்த தலை அதற்கு அப்புறம்.

ஆக, யாரிடமாவது கேட்பதற்குப் படம் எடுக்கிறீர்கள் என்றால், முதலில் செடியோடு சேர்த்து ஒன்று எடுங்கள். பிறகு பக்கவாட்டில் ஒன்று, முழு நீளமும் எல்லாக் கால்களும் தெரியும்படி. இது இல்லாமல் மற்றப் படங்கள் பெரிதாகப் பயன்படாது. அப்புறம் மேலிருந்து ஒன்று, முகம் நேராக ஒன்று, வால் பக்கம் நெருங்கி ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்தால் அளவு புரியும். ஊரும் தேதியும், கூட்டமாக இருந்ததா தனியாகவா, பகலா இரவா என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், வம்பன் பயறு ஆராய்ச்சி மையம், நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்கள் என்று கேட்பதற்கு இடங்கள் உண்டு. பயிர்ப் பூச்சி அல்லாதவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராத புழுக்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றுக்கு நிச்சயமான வழி, வளர்த்துப் பார்ப்பது. மூடியில் துணி கட்டிய ஒரு டப்பா, அடியில் நாலு விரல் உயரத்துக்கு லேசான ஈரத்தோடு மண், அதே செடியின் இலை தினமும் புதிதாக. எச்சத்தை அன்றாடம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். புரொடீனியா, காய்ப்புழு, படைப்புழு மூன்றும் மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். மண் இல்லாத டப்பாவில் இடம் தேடி அலைந்துகொண்டிருக்கும். நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு வாரத்தில் அந்துப்பூச்சி வெளியே வரும். பழுப்பு முன்னிறகில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் புரொடீனியா. ஆண் பூச்சியின் முன்னிறகு நுனியில் வெள்ளைத் திட்டு இருந்தால் படைப்புழு. பின்னிறகின் ஓரம் அகலமாகக் கருத்திருந்தால் காய்ப்புழு.

சில சமயம் அந்துப்பூச்சி வராது. புழு சோர்ந்து நிற்கும், அதன் உடம்பின் மேல் அரிசி போல வெள்ளைக் கூடுகள் முளைத்திருக்கும். அது புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்குகிறவர்கள் உண்டு, புழுவுக்கு முட்டையிட முடியாது. புழுவுக்குள் வளர்ந்து அதைத் தின்ற சின்னக் குளவிகளின் கூடுகள் அவை. அப்படி ஒரு புழு வயலில் கண்ணில் பட்டால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள், மருந்து அடிக்கும் யோசனையையும் சில நாள் தள்ளிப்போடுங்கள். குளவிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. புழு செடி நுனியில் தலைகீழாகத் தொங்கிக் கருத்துக் கசிந்தால் அது வைரஸ் தாக்கியது. அதில் குறிகளைத் தேட வேண்டாம், எல்லாம் அழிந்துபோயிருக்கும். பக்கத்துச் செடியில் நலமாக இருக்கும் ஒன்றைப் பிடித்து, கால்களிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.